அரக்குத் தக்கை

எலும்பெடுப்பு காலை ஒன்பது மணிக்கு என்று கடிதத்தில் இருந்தது. குடும்பத்தார் யாரும் வராவிட்டால் எச்சங்கள் பொதுக்குழியில் சேர்க்கப்படும் என்றும் இருந்தது. கீழே ஊதா முத்திரை. அதில் ஊர்ப்பெயர் பாதிதான் விழுந்திருந்தது.

ஓஸ்னியெல் மூன்று வாரமாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். வேர்வையில் நனைந்து, காய்ந்து, மடிப்பில் கிழிந்து இப்போது இரண்டு துண்டாக இருந்தது.

அவன் மனைவி யானெலிஸ் இறந்து இரண்டு வருடமும் பதினொரு நாளும் ஆகியிருந்தன. இருபத்தெட்டு வயது. கொள்ளைநோய்க் காலம். எந்த ஊரில் செத்தார்களோ அந்த ஊரிலேயே புதைத்தார்கள். அதனால் சொந்த ஊரில் இல்லாமல், நாற்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி சாந்தா ருஃபினாவில் கிடந்தாள். மண்ணுக்குள் இடம் இரண்டு வருடத்துக்குத்தான். பிறகு அடுத்தவருக்கு விட வேண்டும். வீட்டார் பெட்டியோடு போய் நின்று எலும்பை வாங்கி வந்து, சொந்த ஊர்க் கல்லறைச் சுவரில் ஒரு மாடத்தில் வைத்துப் பூசிவிட்டால் அதோடு முடிந்தது. அப்புறம் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

பெட்டி தயாராக இருந்தது. தகரப் பெட்டி. நீளம் ஒரு தொடை எலும்பு, அகலம் ஒரு மண்டையோடு. அந்தக் கணக்கில்தான் எல்லாருக்கும் செய்வார்கள். மாமியார் எனெய்தா மூடியில் வெள்ளைப் பெயிண்டால் மகளின் பெயரை எழுதியிருந்தாள். கடைசி எழுத்துக்கு இடம் பற்றாமல் அது மட்டும் ஒடுங்கி நின்றது.

போவதற்குத்தான் வழியில்லை. எரிபொருள் இல்லாமல் பேருந்து ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. லாரி வந்தால் உண்டு. குதிரைவண்டியில் போனால் அரை நாள். மிஞ்சியது கொட்டகையில் நின்ற மோட்டார் சைக்கிள். எனெய்தாவின் கணவர், தச்சர் வில்ஃப்ரெதோ, உயிரோடு இருந்தவரை ஓட்டியது. ஓஸ்னியெலைவிட மூன்று வயது மூத்த ஜெர்மன் வண்டி. வீட்டில் அதற்கு ஜெர்மன்காரி என்று பெயர். அவர் போன பிறகு ஆறு வருடம் கோழிகள் அதன்மேல் உறங்கின.

கடிதம் வந்த அன்றே ஓஸ்னியெல் அதில் கை வைத்தான். மற்றதெல்லாம் வழிக்கு வந்துவிட்டது. கார்புரேட்டர் மட்டும் வரவில்லை. அதன் அடியில் ஒரு கிண்ணம் உண்டு. பெட்ரோல் அதில் நிறைய நிறைய ஒரு மிதவை மேலே எழும்பும். எழும்பி ஓர் ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். மிதவை எழும்பாவிட்டால் பெட்ரோல் நிற்காமல் எஞ்சினுக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஜெர்மன்காரியின் பித்தளை மிதவை, பற்றவைத்த இடத்தில் விட்டுப்போய், உள்ளே பெட்ரோல் ஏறி, கல் மாதிரி அடியில் கிடந்தது. புதியது தீவில் எங்கும் கிடைக்காது.

ஊரில் எல்லாரும் செய்வதை அவனும் செய்தான். மீன்வலைத் தக்கையை வாங்கி, அளவுக்கு வெட்டி, இழைத்து, பெட்ரோல் ஊறாமலிருக்க மேலே பூச்சு கொடுத்தான். சிலர் நகப்பூச்சு பூசுவார்கள். சிலர் பசை. அவன் மாமனாரின் அலமாரியில் இருந்த அரக்குப் புட்டியை எடுத்தான். மேஜை நாற்காலிக்கு மெருகு போட அவர் வைத்திருந்தது. மூன்று முறை பூசினான். மூன்று நாள் காயவைத்தான். ஒரு டம்ளர் பெட்ரோலில் ஒரு பகலும் ஓர் இரவும் போட்டுப் பார்த்தான். மிதந்தது. போன வருடம் வரை பள்ளியில் வேதியியல் ஆசிரியர். சோதிக்காமல் எதையும் மாட்ட மாட்டான்.

பிறகு பெட்ரோல். வரிசையில் அவன் எண் வர நான்கு மாதம் ஆகும். இங்கே அரை, அங்கே அரை என்று கேட்டுச் சேர்த்ததில் மூன்றரை லிட்டர் தேறியது. இரண்டு பேர், ஒரு பெட்டி, போக வர தொண்ணூற்றாறு கிலோமீட்டர். ஐந்து லிட்டராவது வேண்டும். எனெய்தா, எலும்பைத் துடைப்பதற்காக, கரும்பாலையிலிருந்து கைமாறி வந்த சாராயம் இரண்டு லிட்டர் வாங்கி வைத்திருந்தாள். துடைக்க அரை லிட்டர் போதும். மிச்சத்தை முந்தின நாள் சாயங்காலம் டாங்கில் ஊற்றினான். கலவை பிரிந்து தண்ணீர் அடியில் தங்குமோ என்று ஒரு டம்ளரில் பிடித்துக் குலுக்கி, வெளிச்சத்தில் பார்த்தான். பிரியவில்லை. திருப்தியாக இருந்தது. அவன் எதைப் பற்றிப் பயந்தானோ அதைச் சோதித்துவிட்டான்.

காலை ஆறரைக்கு எனெய்தா கணவரின் பழைய தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அறுபதை நெருங்குகிற உடம்பு. வாய்க்கு மட்டும் வயதாகவில்லை.

"பொட்டி என் மடியிலயே இருக்கட்டும் மகனே. கயித்தைப் போட்டு இறுக்கினா நசுங்கிடும்."

"மடியில வெச்சா என்னைப் பிடிச்சுக்கக் கை இருக்காதே அத்தே."

"உன்னைப் பிடிச்சு என்ன? நீ விழுந்தா நான் மட்டும் நிக்கப்போறேனா?"

அப்போதுதான் அவன் கவனித்தான். கார்புரேட்டருக்கு அடியிலிருந்த சின்னக் குழாயில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"ஜெர்மன்காரிக்கு அவசரம் போல," என்றாள் எனெய்தா. "தப்பில்ல. வெளியூர் கிளம்பினா நானும் ரெண்டு தடவை போவேன்."

அவன் சிரிக்கவில்லை. திருப்புளியின் கைப்பிடியால் கிண்ணத்தை நாலு தட்டு தட்டினான். சொட்டுவது நின்றது. ஊசியின் வாயில் தூசி என்று முடிவு செய்தான். தட்டினால் நின்றுவிடுவது தூசிதான்.

மூன்றாவது உதையில் எஞ்சின் எடுத்தது.

சாலையில் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் கரும்பு இருந்த நிலம். கரும்பு போய் முள்புதர் வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை வண்டி நன்றாகப் போனது. எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம், நிழலில் உட்கார்ந்து காத்திருக்கலாம் என்று அவன் நினைத்தான். அதற்குமேல் எதையும் நினைக்கவில்லை. இரண்டு வருடமாகவே அவன் நினைப்பு அடுத்த ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதில்லை.

பதினேழாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் எஞ்சின் சத்தம் மாறியது. சளி கட்டின தொண்டை மாதிரி கரகரத்தது. பின்னால் புகை கனத்தது. ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க வேகம் குறைந்தது. இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு பிளக்கைக் கழற்றினான். நுனியிலிருந்து சொட்டியது.

"என்னவாம்?" என்றாள் எனெய்தா, பெட்டியை இறக்காமல்.

"பிளக் நனைஞ்சிருக்கு. பெட்ரோல் அதிகமா போகுது."

"நாடே ஒரு சொட்டுக்கு நாயா அலையுது. இவளுக்கு மட்டும் அதிகமா போகுதா?"

பிளக்கைச் சட்டை நுனியில் துடைத்து, லைட்டரைக் காட்டிக் காயவைத்தான். ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிளக் இல்லாத எஞ்சினைப் பதினைந்து இருபது முறை உதைத்தான். ஓட்டை வழியாக உள்ளே தேங்கியிருந்தது ஆவியாக வெளியே வந்தது. பிளக்கை மாட்டினான். எடுத்தது. மூன்று கிலோமீட்டர் ஓடியது. மறுபடி கரகரத்து நின்றது.

நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பஞ்சர் கொட்டகை இருந்தது. சுவரில் சாய்த்த ஒரு லாரி டயர், பிளாஸ்டிக் தொட்டியில் பச்சை பிடித்த தண்ணீர், நிழலில் ஒரு பருத்த மனிதன். தகரத்தில் லியோவி என்று எழுதித் தொங்கவிட்டிருந்தான். இவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து, உட்கார்ந்தபடியே கை தட்டினான்.

"வாங்க வாங்க! ரெண்டு நாள்ல நான் பாக்கிற மொத எஞ்சின் நீங்கதான். நேத்து ஒரு மாடு வந்துச்சு, அவ்வளவுதான்."

"மாட்டுக்குப் பஞ்சர் ஒட்டினியாக்கும்?" என்றாள் எனெய்தா.

"பாத்தேம்மா. எங்க காத்து போகுதுன்னு தேடினேன். உதைச்சிடுச்சு." எழுந்து வந்து குனிந்து முகர்ந்தான். சொட்டும் குழாயைப் பார்த்தான். கால் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னான். "மூச்சு முட்டிட்டா. பாவம், முடிஞ்சுபோச்சு இவ கதை."

அந்தப் பக்கத்தில் பெட்ரோல் நிரம்பி எஞ்சின் நின்றால் மூச்சு முட்டியது என்றுதான் சொல்வார்கள். ஆற்றில் விழுந்தவனுக்கும் அதே சொல். படுக்கையில் காற்றுக்குத் தவிப்பவருக்கும் அதே சொல். ஆக்ஸிஜன் உருளை ஏற்றிய லாரி வந்துகொண்டிருக்கிறது என்று யானெலிஸின் வார்டிலிருந்து மூன்று நாள் சொன்னார்கள். நான்காம் நாள் ஒரு நர்ஸ் தொலைபேசியில் அந்தச் சொல்லைச் சொன்னாள். வேறெதுவும் சொல்லவில்லை. ஓஸ்னியெல் நன்றி சொல்லி வைத்துவிட்டான். எதற்கு நன்றி சொன்னோம் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

எனெய்தா சாலையைப் பார்த்தாள். லியோவி அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான், மூடியில் இருந்த பெயரைப் படித்தான். தொப்பியைக் கழற்றினான்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. ஊர்ல இருக்கிற ஓட்டையெல்லாம் ஒட்டுறேன். இந்த வாயை மட்டும் ஒட்ட முடியல." பிறகு மெதுவாகக் கேட்டான். "எத்தனை மணிக்கு?"

"ஒன்பது."

"இப்ப ஏழரை. இன்னும் இருபத்தெட்டு இருக்கு. கழட்டுப்பா. நான் டப்பா எடுத்துட்டு வரேன், பெட்ரோலை வீணாக்காத."

ஓஸ்னியெல் கிண்ணத்தைக் கழற்றினான். விளக்க உரை வேண்டாத வேலை. வரிசையாகப் போனால் போதும். தூசியா? கிண்ணத்தின் அடியைத் துணியால் துடைத்துப் பார்த்தான். துணி சுத்தமாக வந்தது. ஊசி தேய்ந்துவிட்டதா? டாங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயைப் பிடுங்கி வாயில் வைத்து ஊதிக்கொண்டே, விரலால் மிதவையை மேலே தூக்கினான். காற்று சட்டென்று நின்றது. விட்டான், போனது. தூக்கினான், நின்றது. ஊசி நன்றாகத்தான் இருந்தது.

"அப்போ தூக்கினா அடைக்குது," என்றான் லியோவி. "தானா தூக்க மாட்டேங்குது."

அதற்குள் ஓஸ்னியெலுக்குத் தெரிந்துவிட்டது. மிதவையைத் தொட்ட விரல் பிசுபிசுத்தது.

தக்கையை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். எடை தெரிந்தது. மூன்று நாள் காய்ந்து கண்ணாடி மாதிரி இருந்த பூச்சு, ஜவ்வு மாதிரி தொளதொளத்து, நகம் பட்டதும் தோலாக உரிந்தது. உரிந்த இடத்தில் தக்கை நனைந்து கறுத்திருந்தது. அழுத்தினால் பெட்ரோல் கசிந்தது.

"என்ன அது?" என்றாள் எனெய்தா.

விரலை நீட்டினான். அவள் குனிந்து முகர்ந்தாள். முகத்தை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே இருந்தாள்.

"இது வில்ஃப்ரெதோ கை வாசனை," என்றாள்.

"அரக்கு சாராயத்துல கரைஞ்சிடுச்சு அத்தே. சாராயத்தை ஊத்தினது நான். அரக்கைப் பூசினதும் நான். பெட்ரோல்ல போட்டுப் பாத்தேன். சாராயத்துல போட்டுப் பாக்கலை." விரலைச் சட்டையில் துடைத்தான். "எது எதுல கரையும்னு ஏழு வருஷம் கரும்பலகையில எழுதிப் போட்டிருக்கேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"முப்பது வருஷம் அந்த மனுஷனுக்கு அரக்கு கரைச்சுக் குடுத்தவ நான்," என்றாள் எனெய்தா. "ராத்திரி சாராயத்துல ஊறப்போட்டா காலையில கரைஞ்சு தேன் மாதிரி இருக்கும். இது எனக்குத் தெரியாதா? நேத்து நீ ஊத்தும்போது நான் எங்க இருந்தேன்? புனலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. லியோவி தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சோப்பு தேச்சா?" என்றான் கடைசியில். "டாங்க் ஓட்டைக்கு நான் சோப்புதான் வெச்சு அடைப்பேன்."

"உள்ள ஊறிடுச்சுண்ணே. மேல என்ன தேச்சாலும் இனிமே மிதக்காது. காயவைக்க ஒரு நாள் வேணும்."

"அப்போ ஒண்ணே ஒண்ணுதான். ஊசி செய்யாத வேலையை உன் கையே செய்யணும். டேப்பைத் திற, கொஞ்சம் விடு, மூடு. எஞ்சின் பசியில இழுக்கும்போது மறுபடி திற. பச்சப்புள்ளைக்குப் பாலாடையில ஊட்டுற மாதிரி. அதிகமா விட்டே, மறுபடி புரையேறிடும்."

லியோவி தன்னிடமிருந்த ஒரு பழைய பிளக்கைத் துருப்பிடித்த டப்பாவிலிருந்து தேடி எடுத்து அவன் பையில் போட்டான். வேண்டாம் என்று சொல்ல நேரமில்லை.

ஏழு ஐம்பத்தைந்துக்குக் கிளம்பினார்கள்.

டேப் டாங்குக்கு அடியில் இடது பக்கம் இருந்தது. கிளட்ச்சும் இடது கைதான். ஓஸ்னியெல் மூன்றாவது கியரில் போட்டுவிட்டு இடது கையை எடுத்து டேப்பில் வைத்தான். எவ்வளவு நேரம் திறப்பது, எவ்வளவு நேரம் மூடுவது என்பது முதல் ஒரு கிலோமீட்டரில் பிடிபட்டது. மூன்று எண்ணும் வரை திறந்திருக்க வேண்டும். பிறகு முப்பது எண்ணும் வரை மூடியிருக்க வேண்டும்.

"நீ ரோட்டைப் பாரு. நான் எண்ணுறேன்," என்றாள் எனெய்தா அவன் காதருகில். தலைக்கவசம் அவன் தலையில் இடித்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, மூடு! ஒண்ணு, ரெண்டு..."

சத்தமாக எண்ணினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எண்ணையும் இழுத்து. இருபத்தெட்டு வந்ததும் எஞ்சின் இளைக்கத் தொடங்கும். முப்பதில் திறப்பான். அது ஒரு மூச்சு இழுத்து நிமிரும். வழியில் ஆட்டுக்குட்டியோடு நின்ற ஒருவன், கூவிக்கொண்டு போகும் இந்த இருவரையும் வாய் பிளந்து பார்த்தான்.

"என்ன பாக்கிறான் அவன்? எண் தெரியாதா? பதினாலு, பதினஞ்சு..."

எட்டே கால் ஆனபோது ஒன்பது கிலோமீட்டர் தாண்டியிருந்தார்கள். பத்தொன்பதுதான் பாக்கி. இதே வேகத்தில் போனால் ஒன்பதுக்குச் சற்று முன்பே கேட்டில் நிற்கலாம்.

பாலத்துக்கு முந்தைய மேட்டில் மூன்றாவது கியர் இழுக்கவில்லை. "ரெண்டு" என்று எனெய்தா சொன்ன இடத்தில் கையை டேப்பிலிருந்து எடுத்து கிளட்ச்சைப் பிடித்தான். இரண்டாவது கியர் விழ மறுத்தது. மறுபடி அமுக்கினான். விழுந்தது. கை டேப்புக்குத் திரும்பியபோது அவள் பதினொன்று எண்ணிவிட்டிருந்தாள், மூடு என்று நாலு முறை கத்தியுமிருந்தாள். வண்டி கரகரத்தது, குலுங்கியது, மேட்டின் பாதியில் நின்றது.

பிளக் கரிபிடித்து நனைந்திருந்தது. துடைத்தான், காயவைத்தான், உதைத்தான். எடுக்கவில்லை. லியோவியின் பிளக்கைப் போட்டான். அதில் பொறியே வரவில்லை. பழையதை மறுபடி எடுத்துக் கம்பியால் சுரண்டினான். இரண்டு பேருமாகத் தள்ளி மேட்டின் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். மறுபக்கச் சரிவில் உருட்டி, கியர் போட்டுக் கிளட்ச்சை விட்டான். பாலத்தின் மேல் எஞ்சின் வெடித்துக்கொண்டு எடுத்தது. அப்போது மணி எட்டு நாற்பத்தெட்டு. பதினான்கு கிலோமீட்டர்.

எனெய்தா எண்ணத் தொடங்கினாள். குரல் கம்மியிருந்தது. இருபதுக்கு மேல் முன்னைவிட வேகமாக எண்ணினாள். அப்படி எண்ணினால் அவன் சீக்கிரம் திறந்துவிடுவான் என்று அவனே சொல்ல வேண்டியிருந்தது. சரிப்படுத்திக்கொண்டாள்.

பிறகு ஒரு முறை பதினெட்டில் நிறுத்திவிட்டாள்.

சாலையில் எந்த மாற்றமும் இல்லை. அதே முள்புதர், அதே வானம்.

"ஏன் அத்தே?"

"மணி ஒன்பது."

எஞ்சின் இளைக்கத் தொடங்கியது. அவன் கை டேப்பிலேயே இருந்தது.

"எண்ணுங்க அத்தே."

அவள் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

சாந்தா ருஃபினாவின் முதல் வீடுகள் தெரிந்த இடத்தில் டாங்க் வறண்டது. குழாய் வழியாகச் சொட்டிச் சொட்டி, வந்த வழியெல்லாம் பெட்ரோல் போயிருந்தது. கடைசி இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனார்கள். அவன் ஹேண்டிலைப் பிடித்திருந்தான். அவள் பெட்டியைச் சீட்டின் மேல் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் தள்ளினாள். கல்லறைத்தோட்டத்து கேட்டில் வண்டியைச் சாய்த்தபோது பத்து மணி ஐந்து நிமிடம்.

வெட்டியான் முட்டியளவு ரப்பர் பூட்ஸோடு குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். ஒல்லியான மனிதன். பெட்டியைப் பார்த்ததுமே குழாயை மூடிவிட்டான்.

"எந்த வரிசை?"

ஓஸ்னியெல் சொன்னான்.

"அஞ்சாவது வரிசையா." அவன் ஈரக்கையைப் பின்னால் துடைத்துக்கொண்டான். "ஒன்பது வரைக்கும் பாத்தேம்மா. அதுக்கு மேலயும் ஒரு கால் மணி நேரம் நின்னேன். இன்னிக்குப் பதினொண்ணு எடுத்தோம். நாலு பேருக்கு ஆள் வரலை. பஸ் இல்ல, எப்படி வருவாங்க? எனக்கும் தெரியுது. பதினொரு மணிக்குப் புதுசு மூணு வருது. இடம் வேணுமே."

"எங்க போட்டீங்க?" என்றாள் எனெய்தா.

"பின்னால. பொதுக்குழியில."

"எப்போ?"

"இப்பத்தான். அரை மணி ஆகலை."

"அப்போ மேலதான இருக்கும்?"

அவன் ஓஸ்னியெலைப் பார்த்தான். இதற்கு ஆண்பிள்ளை பதில் சொல்லட்டும் என்பது போல.

"மேலதாம்மா இருக்கும். ஆனா நாலும் ஒண்ணாக் கொட்டினது. சாக்குல போட்டு எடுத்துட்டுப் போய்ச் சாய்ச்சதுதான். எது யாருதுன்னு எனக்கே தெரியாது."

"காட்டு."

பின்சுவரை ஒட்டி ஒரு சிமெண்டுப் பலகை இருந்தது. அவன் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். பாதி திறந்தது. உள்ளே வெயில் ஒரு துண்டாக விழுந்தது. மேலே கிடந்தவை கீழே கிடந்தவற்றைவிடக் கறுப்பாக இருந்தன. மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. ஒரு காலுறை. ஏதோ துணி. நாலு மண்டையோடு என்று ஓஸ்னியெல் எண்ணினான். பிறகு, எண்ணுவதை நிறுத்திக்கொண்டான்.

எனெய்தா முட்டி போட்டுக் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். சந்தையில் பழம் பார்ப்பவள் மாதிரி, ஒவ்வொன்றாகக் கண்ணால் எடுத்து வைத்துப் பார்த்தாள். பல் பார்க்கிறாளா, நெற்றி பார்க்கிறாளா, அவனுக்குத் தெரியவில்லை.

"வேணும்னா எறங்கி எடுத்துத் தரேம்மா," என்றான் வெட்டியான் தயங்கி. "செய்யக் கூடாது. ஆனா தரேன். நாலுல ஒண்ணு. சரியாவும் இருக்கலாம்ல? நிறையப் பேர் அப்படித்தான் வாங்கிட்டுப் போறாங்க. வீட்ல வெச்சு மனசு ஆறிடுது."

எனெய்தா ஓஸ்னியெல் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. அவ கூடப் படுத்து எழுந்தவன் நீ. தெரியுதா உனக்கு?"

அவன் பார்த்தான். நாலு வருடம் பக்கத்தில் கிடந்த தலை. தூக்கத்தில் அவன் தோளில் வந்து இடிக்கும் தலை. அதன் எடை அவனுக்குத் தெரியும். அதன் உருவம் தெரியவில்லை.

"தெரியல அத்தே."

"எனக்கும் தெரியல," என்றாள் அவள். "பெத்தவளுக்கே தெரியல." கையை ஊன்றி எழுந்தாள். முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். வெட்டியானிடம் சொன்னாள். "மூடிடுப்பா. வேற எவளோ ஒருத்தியோட அம்மா நாளைக்கு வந்து நின்னா நீ என்ன பதில் சொல்லுவ."

பலகை இறங்கியது. அவன் ஓரத்தில் காலால் மண்ணைத் தள்ளி அடைத்தான்.

"ஆபீஸ்ல ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடுங்க," என்றான். "அவங்க கேப்பாங்க."

எனெய்தா வரவில்லை. ஒரு பூவரசு நிழலில் உட்கார்ந்து தலைக்கவசத்தின் வாரை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவிழவில்லை. ஓஸ்னியெல் மட்டும் போனான்.

அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. இளம்பெண் ஒருத்தி கோப்பின் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது.

"அப்பாடா, வந்துட்டீங்களா. உங்களை எப்படிக் கூப்பிடுறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். இந்தப் படிவத்துல கையெழுத்து வேணும். இது இல்லாம கோப்பை மூட முடியாது. தபால்ல அனுப்பினா வந்து சேர மூணு மாசம். நீங்களே வந்தது நல்லதாப்போச்சு."

படிவத்தை அவன் படித்தான். அறிவிக்கப்பட்ட நேரத்தில் இறந்தவரின் குடும்பத்தார் எவரும் வரவில்லை என்பதற்கான உறுதிமொழி. கீழே, குடும்பத்தார் ஒருவரின் கையெழுத்து.

"இதுல நான் எப்படிங்க போடுறது? நான்தான் வந்திருக்கேனே."

"இப்ப வந்திருக்கீங்க அண்ணே. அப்ப வரலைல்ல." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே உதவத்தான் பார்த்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி, அவன் பக்கம் திருப்பி வைத்தாள். "எல்லாரும் இதைக் கேக்கறாங்க. வேற படிவம் இல்லையே, நான் என்ன செய்ய."

பெயர் எழுதினான். உறவு என்ற இடத்தில் கணவன் என்று எழுதினான். நேரம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"ஒன்பதுன்னு போடுங்க," என்றாள்.

ஒன்பது என்று எழுதினான். கையெழுத்துப் போட்டான். அவள் கார்பன் தாளை உருவிவிட்டு, அடியில் இருந்த பிரதியைக் கவனமாகக் கிழித்து அவனிடம் நீட்டினாள்.

"இது குடும்பத்துக்கு," என்றாள்.